‘நம்ம ஜீன் அப்படி சார்’: மாரடைப்பு மரபணு மதிப்பெண் உண்மையில் சொல்வது என்ன?

ஓசூர் பக்கம் நாற்பது வயதுகூட ஆகாத ஒருவருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள் என்று செய்தி வந்தால், கேன்டீனில் பேச்சு இரண்டே நிமிடத்தில் ஒரு வாக்கியத்தில் வந்து முடிந்துவிடும்: “நம்ம ஜீன் அப்படி சார். இந்தியர்களுக்கே இதயம் வீக்.” அதற்குப் பிறகு யாரும் எதுவும் பேசுவதில்லை. டீ குடித்துவிட்டு மெஷினுக்குத் திரும்பிவிடுவோம்.

இப்போது அந்த வாக்கியத்துக்கு விலைப்பட்டியலும் வந்துவிட்டது. எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் மாரடைப்பு வருமா என்று சொல்கிற பரிசோதனைகள் ஆண்டு உடல் பரிசோதனைப் பேக்கேஜோடு சேர்த்து விற்கப்படுகின்றன. விளம்பரங்களில் “இந்தியர்களிடம் நிரூபிக்கப்பட்டது” என்று ஒரு வரி இருக்கும். இப்படிப்பட்ட வரிகளுக்குப் பின்னால் இருக்கும் ஆராய்ச்சியில் முக்கியமான ஒன்று 2020-இல் அமெரிக்க இதயவியல் கல்லூரியின் இதழில் வந்தது. அதை எடுத்து, சாஃப்ட்வேர்க்காரன் ஒரு மாடலை ரிவ்யூ செய்வதுபோல வாசித்துப் பார்த்தேன். இந்தக் கட்டுரை அந்த வாசிப்புதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆய்வு நல்ல ஆய்வு. என் சண்டை ஆய்வோடு இல்லை. அதன் தலையில் நாம் ஏற்றி வைக்கும் சுமையோடுதான்.

என்ன செய்தார்கள்?

பாஸ்டன் பக்கம் இருக்கும் பிராட் இன்ஸ்டிட்யூட்டின் ஆட்களும் மெட்ஜீனோம் நிறுவனத்தின் ஆட்களும் சேர்ந்து செய்த வேலை இது. மெட்ஜீனோம் நமக்குத் தூரத்துப் பெயர் இல்லை. ஜூஜூவாடி எல்லையைத் தாண்டி, அத்திப்பள்ளி, சந்தாபுரா வழியாகப் போனால் ஓசூர் ரோட்டிலேயே பொம்மசந்திராவில் வரும் நாராயணா ஹெல்த் சிட்டி வளாகத்தில்தான் அவர்கள் கூடம் இருக்கிறது. நெஞ்சுவலி என்றால் நம் ஊர் ஆட்கள் ஆம்புலன்ஸில் போகிற அதே சாலை.

இதயத் தமனி நோயைத் தனியாளாக முடிவு செய்கிற ஒற்றை ஜீன் மிக அரிது. பெரும்பாலானோரிடம் இருப்பது மிகச் சிறிய பங்களிப்பு செய்யும் லட்சக்கணக்கான எழுத்து மாற்றங்கள். 2007-இல் கண்டுபிடிக்கப்பட்ட 9பி21 என்கிற இடம் இதற்குப் பிரபலமான உதாரணம். ஒன்பதாவது குரோமோசோமில் இருக்கிறது. அங்கே புரதம் செய்யும் ஜீன்கூட இல்லை. ஆனாலும் ஆபத்தான வடிவத்தை இரண்டு பிரதியாக வைத்திருப்பவர்களுக்கு ஆபத்து சுமார் 30 முதல் 40 சதவீதம் கூடுகிறது. இன்றைக்கு இப்படி 200-க்கும் மேற்பட்ட இடங்கள் தெரியும்.

அந்தச் சிறுசிறு பங்களிப்புகளுக்கு எடை போட்டுக் கூட்டினால் வருவது பலமரபணு மதிப்பெண். புரோகிராமர் பாஷையில் சொன்னால், 66 லட்சம் மாறிகள் கொண்ட ஒரு எளிய கூட்டல் ஃபார்முலா, அவ்வளவுதான். எடைகள் எங்கிருந்து வந்தன? 2015-இல் வெளியான ஒரு சர்வதேசக் கூட்டு ஆய்விலிருந்து. அதில் 60,801 நோயாளிகள், நோய் இல்லாத 1,23,504 பேர். பெரும்பான்மை ஐரோப்பிய வம்சாவளி, தெற்காசியர்கள் ஒரு சிறு பங்கு.

அதாவது டிரெய்னிங் டேட்டா பெரும்பாலும் ஐரோப்பா. அதை இந்தியாவில் ஓட்டினால் வேலை செய்யுமா? இதுதான் 2020 ஆய்வின் கேள்வி. பிரிட்டனில் இருக்கும் 7,244 தெற்காசியர்களிடம் ஓட்டினார்கள். வங்கதேசத்தில் 491 பேரிடம் ஓட்டினார்கள். பிறகு 1,522 இந்தியர்களின் முழு மரபணுத் தொடரை வைத்து ஓர் அளவுகோல் செய்து, இந்தியாவில் புதிதாகச் சேர்த்த 1,800 நோயாளிகளையும் நோய் இல்லாத 1,163 பேரையும் அந்த அளவுகோலில் பொருத்திப் பார்த்தார்கள்.

முடிவு: மதிப்பெண் ஒரு திட்ட விலக்கம் கூடும்போது நோய்க்கான வாய்ப்பு விகிதம் பிரிட்டன் தெற்காசியர்களிடம் 1.58 மடங்கு, வங்கதேசத்தில் 1.60, இந்தியாவில் 1.66. நடுவில் இருக்கும் ஐந்தில் ஒரு பங்கினரோடு ஒப்பிட்டால், உச்சியில் இருக்கும் 5 சதவீதம் பேருக்கு இந்திய மாதிரியில் 3.22 மடங்கு. மூன்று இடங்களில் தனித்தனியாகச் சோதித்து, கிட்டத்தட்ட ஒரே எண் வருவது லேசான காரியமில்லை.

3.22 மடங்கு என்றால் என்ன?

விளம்பரத்தில் “மூன்று மடங்கு ஆபத்து” என்று போட்டால் நமக்குத் தூக்கி வாரிப் போடும். ஆனால் ஒரு பரிசோதனை ஆட்களைப் பிரித்துக் காட்டுகிறதா என்பதுதான் நமக்கு வேண்டிய கேள்வி. அதற்கு மடங்கு போதாது.

ஒரு சின்னக் கணக்கு. மதிப்பெண் இரு கூட்டத்திலும் மணி வடிவ வளைவாகப் பரவியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1.66-இன் இயல் மடக்கை 0.507. அதாவது நோயாளிகளின் வளைவு, மற்றவர்களின் வளைவைவிட அரைத் திட்ட விலக்கம் வலப்பக்கம் தள்ளி நிற்கிறது. இரண்டு மலைகள் பெரும்பகுதி ஒன்றின்மேல் ஒன்று கிடக்கின்றன.

இப்போது ஒரு நோயாளியையும் நோய் இல்லாத ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுங்கள். யாருக்கு மதிப்பெண் அதிகமோ அவர்தான் நோயாளி என்று சொல்லுங்கள். 100 முறை செய்தால் சுமார் 64 முறை சரியாக இருக்கும். காசைச் சுண்டினால் 50 வரும். 50-க்கு 64 மேல்தான். ஆனால் “மாரடைப்பு வருமா வராதா சொல்லிடும்” என்கிற பேச்சுக்கும் 64-க்கும் ரொம்ப தூரம்.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். உச்சி 5 சதவீதத்தில் நோயாளிகள் எத்தனை பேர் விழுவார்கள்? அதே வளைவுகளை வைத்துப் போட்டால் 100 நோயாளிகளில் சுமார் 13 பேர். மீதி 87 பேர் “நீங்கள் உச்சி ஆபத்துக் குழுவில் இல்லை” என்று அறிக்கை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். மூன்று மடங்கு என்பதும் உண்மை. பெரும்பாலான மாரடைப்புகள் அந்தக் குழுவுக்கு வெளியேதான் நடக்கும் என்பதும் உண்மை. இரண்டாவது வரியை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை.

இதில் மதிப்பெண்ணுக்குச் சாதகமாக ஒன்று சொல்ல வேண்டும். மற்ற ஆபத்துக் கணக்குகள் எல்லாம் வயதைத்தான் பெரிதாகப் பிடித்துத் தொங்குகின்றன. 25 வயது ஆளுக்கு எதைப் போட்டாலும் “குறைந்த ஆபத்து” என்றுதான் வரும். மரபணு மதிப்பெண் பிறந்த அன்றே கணக்கிடக்கூடியது. இளம் வயதில் கொழுப்புக்கு மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்று டாக்டரே யோசிக்கிற எல்லைக் கேஸ்களில் அது ஒரு கூடுதல் தகவல். கூடுதல் தகவல் என்பதை ஜாதகம் ஆக்குவதுதான் தவறு.

இந்த ஆய்வு ‘இந்திய ஜீன்’ கதைக்கு எதிரான சாட்சி

“இந்தியர்களிடம் நிரூபிக்கப்பட்டது” என்ற வரியைப் படிக்கிறவர்கள், இந்தியர்களுக்கென்று மோசமான மாரடைப்பு ஜீன்கள் இருப்பது நிரூபணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆய்வு சொல்வது கிட்டத்தட்ட நேர் எதிர்.

பெரும்பாலும் ஐரோப்பியர்களை வைத்துப் போட்ட எடைகள் இந்தியாவிலும் பெரிய இறக்கம் இல்லாமல் வேலை செய்கின்றன. அப்படியென்றால் தமனியை அடைக்கும் பொதுவான மாறுபாடுகள் பெருமளவு உலகம் முழுக்க ஒன்றே. எங்கோ ஃபின்லாந்துக்காரருக்கு ஆபத்தைக் கூட்டுகிற எழுத்து, தேன்கனிக்கோட்டைக்காரருக்கும் கூட்டுகிறது. நமக்கென்று தனி ரகசியம் இந்த 66 லட்சத்தில் வெளிப்படவில்லை.

அந்த அளவுகோலையும் கவனியுங்கள். 1,522 இந்தியர்களை வைத்துச் செய்தது எதற்கு? ஒருவரை இந்தியர்களுக்குள் எந்த இடத்தில் நிற்கிறார் என்று வரிசைப்படுத்துவதற்கு. சராசரி இந்தியர் அந்த அளவுகோலில் நடுவில்தான் இருப்பார், வடிவமைப்பே அப்படி. ஒரு வகுப்புக்குள் ரேங்க் போடுகிற முறையை வைத்து இந்த ஸ்கூல் அந்த ஸ்கூலைவிட மட்டம் என்று சொல்ல முடியாது. வேறு வேறு மக்கள் கூட்டங்களின் சராசரி மதிப்பெண்ணை அப்படியே ஒப்பிட்டால் தவறான முடிவு வரும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட எச்சரிக்கை. ஆக, “இந்தியர்களுக்கு ஜீன் மோசம்” என்ற கேள்விக்கு இந்தக் கருவி பதிலே சொல்லாது. அதனிடம் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை.

அப்படியானால் தெற்காசியர்களுக்கு அதிகம் வருகிறது என்பது பொய்யா? பொய் இல்லை. பிரிட்டனில் 8,124 தெற்காசியர்களையும் 4,49,349 ஐரோப்பியர்களையும் சுமார் 11 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2021-இல் வந்தது. தமனி அடைப்பு நோய்கள் தெற்காசியர்களில் 6.8 சதவீதம் பேருக்கு வந்தன, ஐரோப்பியர்களில் 4.4 சதவீதம் பேருக்கு. வயது, பால் எல்லாம் சரிசெய்தால் ஆபத்து இரண்டு மடங்கு. ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை போன்ற தெரிந்த காரணங்களையும் கணக்கில் எடுத்தால் அந்த இரண்டு மடங்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்காக இறங்குகிறது. மிச்சம் ஒன்று இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் விளக்கம் கிடைக்காத மிச்சத்துக்கு எல்லாம் “ஜீன்” என்று பெயர் வைப்பது, லாகில் காரணம் தெரியாத எரர் வந்தால் “நெட்வொர்க் ப்ராப்ளம்” என்று டிக்கெட்டை மூடுவது மாதிரி.

முன்பு விற்ற ஜீன்கள்

இந்த எச்சரிக்கைக்குக் காரணம், இந்தத் துறையின் பழைய கணக்குப் புத்தகம்.

2003-இல் அமெரிக்காவில் ஒரே குடும்பத்தில் பலருக்கு மாரடைப்பு வந்ததை ஆராய்ந்து, எம்இஎஃப்2ஏ என்ற ஜீனில் 21 எழுத்துகள் விடுபட்டிருப்பதுதான் காரணம் என்று ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். முதல் மாரடைப்பு ஜீன் என்று உலகமே கொண்டாடியது. 2005-இல் இன்னொரு குழு, அதே 21 எழுத்து விடுபட்டும் இதயநோய் இல்லாமல் இருப்பவர்களைக் காட்டியது.

அடுத்தது கேஐஎஃப்6. இது ஆய்வுக் கட்டுரையோடு நிற்கவில்லை; அமெரிக்காவில் கடைக்கே வந்துவிட்டது. செலெரா நிறுவனம் இதை வைத்துப் பரிசோதனை விற்றது. 2010-இல் 19 ஆய்வுகளைச் சேர்த்து, 17,000 நோயாளிகளிடம் பார்த்தபோது தொடர்பே தெரியவில்லை. அடுத்த ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி மறுத்தது.

நம் ஊர்க் கதையும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, ஐதராபாத் சிசிஎம்பி வரை சேர்ந்து செய்த ஆய்வு 2009-இல் ‘நேச்சர் ஜெனெடிக்ஸ்’ இதழில் வந்தது. எம்ஒய்பிபிசி3 என்ற ஜீனில் 25 எழுத்துகள் விடுபட்ட வடிவம் தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது, அது இதயச் செயலிழப்போடு தொடர்புடையது என்றது. இது தமனி அடைப்பு அல்ல, இதயத் தசை நோய். பத்திரிகைகளில் இரண்டும் “இதய ஜீன்” என்று ஒன்றாகிவிட்டது வேறு விஷயம். பிறகு நடந்தது இதைவிட சுவாரசியம். 2018-லும் 2020-லும் வந்த ஆய்வுகள், அந்த விடுபடல் இருக்கிற எல்லோருக்கும் தசைத் தடிப்பு ஆபத்து இல்லை, அதனோடு ஒட்டிக்கொண்டு வேறொரு மாற்றமும் உள்ள ஒரு சிறு பகுதியினருக்குத்தான் என்று காட்டின. கோடிக்கணக்கானோரின் தலைமேல் தொங்கிய கத்தி மெதுவாகச் சிறுத்தது. முதல் செய்தி வந்த பக்கத்தில் இரண்டாவது செய்தி வரவில்லை.

‘தெற்காசியர்’ என்று ஒரு ஆள் இல்லை

ஆய்வின் மேல் எனக்குள்ள உண்மையான விமர்சனம் இங்கேதான். பிரிட்டன் தெற்காசியர், வங்கதேசத்தவர், இந்தியர் என்று மூன்று பெட்டிகள் இருக்கின்றன. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், வேலையில் கன்னடம் பேசுகிறவர் ஒருவர். பக்கத்தில் ஒடிசாவிலிருந்து கான்ட்ராக்ட் வேலைக்கு வந்த பையன். இன்னொரு பக்கம் மலைக் கிராமத்திலிருந்து ராகி மூட்டையோடு வந்தவர். இவர்கள் தாத்தா பாட்டிகள் பல நூற்றாண்டுகளாகத் தத்தம் வட்டத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்தவர்கள்.

இதன் மரபணு விளைவை 2017-இல் வந்த ஓர் ஆய்வு அளந்தது. தெற்காசியாவில் 263 குழுக்களைப் பார்த்ததில் 81 குழுக்களின் தொடக்கக் கூட்டம் மிகச் சிறியதாக இருந்திருக்கிறது. ஃபின்லாந்துக்காரர்கள், அஷ்கெனாசி யூதர்கள் ஆகியோரைவிடக் கடுமையான அளவு. இப்படிப்பட்ட குழுக்களில் எங்கோ ஒரு மூதாதையிடம் இருந்த அரிதான மாற்றம் பெருகி நிற்கும். மாமன் மகள், அக்கா மகள் திருமணம் அதற்கு மேல். பொதுவான மாறுபாடுகளை மட்டும் கூட்டுகிற மதிப்பெண்ணின் வலையில் இந்த அரிதான மீன்கள் மாட்டாது. அதாவது, நம் ஊரில் ஜீன் நிஜமாகவே தீர்மானிக்கிற இடம் எதுவோ, அந்த இடத்தில்தான் இந்தக் கருவிக்குக் கண் தெரியாது.

இன்னொரு குறை, இது நோயாளியையும் நோயற்றவரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் ஆய்வு. இன்றைக்கு 30 வயது ஆள் அடுத்த பத்து ஆண்டில் 100-க்கு எத்தனை வாய்ப்பு என்கிற நேரான எண் இதிலிருந்து வராது. அதற்கு ஆரோக்கியமானவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர வேண்டும். ‘ஜீனோம் இந்தியா’ திட்டம் 83 குழுக்களிலிருந்து 9,772 பேரின் மரபணுத் தொடரைப் படித்திருப்பது பெரிய அடித்தளம். ஆனால் தொடரைப் படிப்பது பாதி வேலை. அவர்களில் யாருக்கு, எந்த வயதில் நோய் வந்தது என்று காத்திருந்து பார்ப்பதுதான் மீதி.

‘பாதி ஜீன்’ என்ற வாதமும் மாந்தோப்பும்

“மாரடைப்பில் பாதி மரபுவழிதான்னு படிச்சேனே” என்று சிலர் கேட்பார்கள். சரிதான். சுவீடனில் இரட்டையர்களைப் பல பத்தாண்டு பின்தொடர்ந்து, இதயத் தமனி நோய் மரணத்தில் மரபுவழிப் பங்கு ஆண்களில் 57 சதவீதம், பெண்களில் 38 சதவீதம் என்று கணித்திருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வின் தெற்காசியப் பகுதி 2007-இல் வந்தது. முதல் மாரடைப்பு நமக்கு சராசரியாக 53 வயதில், மற்ற நாட்டினருக்கு 58.8 வயதில். புகை, கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம், தொப்பை, மனஅழுத்தம், உடற்பயிற்சி, காய்கறி பழம், மது ஆகிய ஒன்பதும் சேர்ந்து தெற்காசியர்களின் மாரடைப்பு ஆபத்தில் 86 சதவீதத்தை விளக்கின. நமக்கு முன்கூட்டியே வருவதற்குப் பெரிய காரணம், இந்தக் காரணிகள் நம்மிடம் இளம் வயதிலேயே அதிகமாக இருப்பது.

57-ஐயும் 86-ஐயும் கூட்டினால் 143. எங்கோ உதைக்கிறதே? உதைக்கவில்லை. இவை ஒரே கேக்கின் துண்டுகள் அல்ல. ‘மீதி 14 சதவீதம்தான் ஜீன்’ என்று சொல்வதும் தவறு.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு மாந்தோப்பை வைத்துச் சொன்னால் புரியும். ஒரே தாய்மரத்திலிருந்து எடுத்த பெங்களூரா ஒட்டுக்கன்றுகளை, தண்ணீர் பாயும் நிலத்தில் பாதி, பாறை நிலத்தில் பாதி நட்டால், காய்ப்பில் வரும் வித்தியாசம் முழுக்கத் தண்ணீராலும் மண்ணாலும்தான். மரபுவழிப் பங்கு பூஜ்யம். இப்போது பெங்களூரா, செந்தூரா, நீலம் மூன்றையும் கலந்து ஒரே மண்ணில் ஒரே சொட்டுநீரில் நடுங்கள். வித்தியாசம் முழுக்க ரகத்தால். மரபுவழிப் பங்கு நூறு. மாமரத்தின் உள்ளே எதுவும் மாறவில்லை. தோட்டம் மாறியது, எண் மாறியது. நூறு என்று வந்த தோட்டத்திலும் சொட்டுநீரை நிறுத்தினால் எல்லா ரகமும் வாடத்தான் செய்யும்.

இதை மனிதர்களிடமே பார்த்திருக்கிறார்கள். 2016-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 55,685 பேரை வைத்து வந்த ஆய்வில், மரபணு ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குள்ளேயே, நல்ல பழக்கமுள்ளவர்களுக்கு மோசமான பழக்கமுள்ளவர்களைவிட 46 சதவீதம் குறைவாக நோய் வந்தது. மரபணுவின் பங்கு பெரிது என்பதிலிருந்து நம்மால் ஒன்றும் செய்ய முடியாது என்பது வராது.

ஜீன் நிஜமாகவே பேசும் இடங்கள்

ஜீனே பொய் என்று நான் சொல்லவில்லை. மூன்று இடங்களில் அது சத்தமாகவே பேசுகிறது.

ஒன்று, குடும்பவழி மிகைக்கொழுப்பு. பெரும்பாலும் எல்.டி.எல். கொழுப்பை ரத்தத்திலிருந்து எடுக்கும் ஏற்பி ஜீனில் கோளாறு. இந்த ஏற்பியைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சொந்தத்தில் திருமணம் நடந்து இரு பக்கமும் வந்துவிட்டால் பள்ளிக்கூட வயதிலேயே இதயநோய் வரலாம். இதைப் பிடிக்க முதலில் 66 லட்சம் மாறிகள் தேவையில்லை. எல்.டி.எல். 190-க்கு மேல் போகிறதா, குடும்பத்தில் இளம் வயது மாரடைப்பு உண்டா என்ற இரண்டு கேள்விகள் போதும்.

இரண்டு, லைப்போபுரோட்டீன்-ஏ. ரத்தத்தில் இதன் அளவைப் பெரும்பாலும் ஒரே ஜீன் தீர்மானிக்கிறது. உணவும் நடைப்பயிற்சியும் இதை அதிகம் அசைக்காது. 2019-இல் வந்த இன்டர்ஹார்ட் பகுப்பாய்வில், டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் உள்ள தெற்காசியர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு 2.14 மடங்கு. பார்த்த மக்கள் கூட்டங்களிலேயே இது அதிகமாகத் தெரிந்தது தெற்காசியர்களிடம்தான். மேலே சொன்ன விளக்கம் கிடைக்காத மிச்சத்தில் இதற்கு ஒரு பங்கு இருக்கலாம். ‘நம்ம ஜீன்’ என்று சொல்வதற்கு ஓரளவு தகுதியுள்ள விஷயம் இதுதான். அதையும் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே பார்த்துவிடலாம். வாழ்நாளில் ஒருமுறையாவது பாருங்கள் என்று இந்திய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதலும் சொல்கிறது. ஆனால் வழக்கமான செக்கப் பேக்கேஜில் பெரும்பாலும் இது இருப்பதில்லை.

மூன்று, பிசிஎஸ்கே9. இந்த ஜீனின் ஒரு பிரதி பிறவியிலேயே வேலை செய்யாத கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்.டி.எல். 28 சதவீதம் குறைவு, இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவு என்று 2006-இல் கண்டார்கள். அதிலிருந்து புதிய மருந்துகளே வந்தன. மரபணு ஆராய்ச்சியின் மிகப் பெரிய பலன் இதுதான்: யாருக்கு வரும் என்று குறி சொன்னதைவிட, எதைக் குறைத்தால் எல்லோருக்கும் நல்லது என்று காட்டியது. அந்தப் பதில் எல்.டி.எல். அதை சின்ன வயதிலிருந்தே குறைவாக வைத்திருப்பது.

யாருக்கு வசதி?

“நம்ம ஜீன் அப்படி” என்ற வாக்கியம் ஏன் இவ்வளவு பிரபலம்? அது யாரையும் கேள்வி கேட்காது. மூன்று ஷிஃப்டை, ராத்திரி இரண்டு மணிக்குக் கேன்டீனில் போடும் பூரியை, கேட்டுக்கு வெளியே பெட்டிக்கடைச் சிகரெட்டைக் கேட்காது. 2012-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 34 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் ஷிஃப்ட் வேலை செய்வோருக்கு மாரடைப்பு 23 சதவீதம் அதிகம். ஷிஃப்ட் அட்டவணையை ஒரு நிர்வாகத்தால் மாற்ற முடியும். ஜீனை யாராலும் முடியாது. எது காரணம் என்றால் யாருக்கு நிம்மதி என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். 2020-இல் தமிழ்நாட்டில் நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுப்பாட்டில் இருந்தது 7.3 சதவீதம் பேருக்கு. சர்க்கரை உள்ளவர்களில் கட்டுப்பாட்டில் இருந்தது 10.8 சதவீதம் பேருக்கு. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5-இல் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். 2023-இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். இவை எதற்கும் மரபணு அறிக்கை வேண்டாம். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாத ஊரில், 64-க்குச் சரியாகச் சொல்லும் கருவிக்கு முதல் இடம் எப்படி வரும்?

ஆகவே யாராவது என்னிடம் இந்தப் பரிசோதனை எடுக்கலாமா என்று கேட்டால் சொல்வது இது: வீட்டில் 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்த ஆண்கள், 65-க்கு முன் வந்த பெண்கள் யார் யார் என்று அம்மாவிடமோ அத்தையிடமோ உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, எல்.டி.எல். பாருங்கள். லைப்போபுரோட்டீன்-ஏ ஒரே ஒருமுறை பாருங்கள். இந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள். அதற்குப் பிறகும் அவர் குழம்பினால், மரபணு மதிப்பெண் அப்போது கொஞ்சம் உதவும். வரிசையை மாற்றி, அதை முதலில் எடுத்தவருக்குப் பெரும்பாலும் கையில் கிடைப்பது ஒன்றுதான்: பயப்படவோ அலட்சியமாக இருக்கவோ ஒரு அச்சடித்த காரணம்.